புதுப்பிப்பு: பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்த்தது, வாங்கியாச்சு

இங்கே லண்டனில் 2009 மாடல் ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றைப் பார்த்துவிட்டு, எஞ்சின் தாங்குமா என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும். கைகொடுத்தது, அதற்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரெஷன் (உள்ளே எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று) பார்க்கச் சொன்ன யோசனைதான். சாதாரண கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் காட்டி நின்றுவிடும், மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்த்தார்கள். 250 ஆர்பிஎம்முக்குத் (நிமிடத்துக்கு 250 சுற்று) திருத்திய கணக்கில் குறைந்தது 6.8 பார் அழுத்தம் வேண்டும், இரண்டு ரோட்டரின் ஆறு முகங்களுமே ஏழுக்கு மேல். சூட்டோடு அணைத்துவிட்டு மறுபடி சாவி போட்டாலும் உடனே பிடித்தது.

டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னவருக்கு: இதில் அது கிடையவே கிடையாது!

எம்ஓடி (இங்கே வண்டிகளுக்கான கட்டாய வருடாந்திரச் சோதனை) பதிவுகளை அரசு தளத்தில் இலவசமாகப் பார்த்தேன், மைலேஜ் ஒத்துப்போனது.

எதிர்பாராதது டயர். பட்டன் புதுசு மாதிரி இருக்க, பக்கவாட்டில் 3114 என்று இருந்தது, அதாவது 2014-இன் 31வது வாரத் தயாரிப்பு. ஓடாமல் நிறுத்தியே வைத்த வண்டி போல. நான்கு டயருக்கான காசை விற்றவர் விலையில் கழித்துக்கொண்டார்.