ஊருக் களிமண் பலகை: வாற்கோதுமைக் கூட்டல் இடிக்கிறதே?

கேள்வி:
பழைய மெசொப்பொத்தேமியாவின் ஊருக் (Uruk) நகரத்து எயன்னா கோயில் வளாகப் பலகைகளின் பாணியில் வரைந்த ஒரு பயிற்சிப் படி. முன்பக்கம் இரண்டு கட்டம். ஒன்றில் வட்டக்குழி 3, நகக்குழி 4. இன்னொன்றில் வட்டம் 2, நகம் 5. வட்டம் 10, நகம் 1 என்று வைத்தால் 34 + 25 = 59. பின்பக்க மொத்தமோ வட்டம் 6, நகம் 3, அதாவது 63. கூடுதல் 4 எங்கிருந்து வந்தது? இரண்டு கட்டத்திலும் வாற்கோதுமையைக் காட்டும் கதிர்க் குறி இருக்கிறது.

பதில் 1:
கதிர்க் குறியைக் கடைசியில் சொல்கிறீர்கள், அதிலிருந்துதான் தொடங்கணும். ஆடு, ஆள் என்று எண்ணும்போதுதான் வட்டம் 10 நகம். தானியம் அளக்கும்போது வட்டம் 6 நகம்தான். 22 + 17 = 39; ஆறு வட்டம் போக மூன்று நகம். எழுத்தர் கணக்கு சரி. பெரிய வட்டம் இன்னும் மோசம்: எண்ணிக்கையில் 3600, தானியத்தில் வெறும் 60 நகம். படுக்கையாக இருக்கும் சிறுகுழி வந்தால், அதில் ஐந்து சேர்ந்து ஒரு நகம்.

பதில் 2:
அசல் பலகையின் படத்தில் எண்ணும்போது கவனம். நாணலின் உருண்டை முனையை நேராக அழுத்தினால் வட்டம், சாய்த்து அழுத்தினால் நகம். பெரிய வட்டத்துக்குத் தடித்த நாணல். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் குழிகள் மட்டமாகிவிடும். இடது மேல்புறத்திலிருந்து சாய்வாக விழணும். ஈரத்தில் விரலால் தேய்த்து அழித்த குழி மங்கலாகத் தெரியும், அதையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். அடிவிளிம்பை மேலே தூக்கிப் புரட்டினால்தான் மொத்தம் பெரும்பாலும் நேராக நிற்கும். புத்தகத் தாள் மாதிரி புரட்டினால் தலைகீழ்.

கேட்டவர்:
39 சரியாக வருகிறது, நன்றி. ரொட்டிக்கும் ஆறுதானா?

பதில் 1:
இல்லை. படியளக்கும் ரொட்டிக்கு 60 வரை ஆட்டுக் கணக்கேதான். 60-க்கு அடுத்த அலகு 600 இல்லை, 120.

பதில் 3:
இதை அப்படியே ‘ஊர்’ (Ur) நகரத்து மூன்றாம் வம்சப் பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது ஆயிரம் வருஷம் பிந்தியது. அங்கே தானிய அளவைகள் வேறு: 300 சிலா ஒரு குர். சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆண் கூலியாளுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை என்பது வழக்கமான படி. மொத்தத்துக்கு முன்னால் ‘ஷு-நிகின்’ என்றே எழுதியிருக்கும், துண்டு விழுந்தால் ‘லா-இ’.