தம்பி சொன்ன 'அவன்'

சமூகவியல் பாடம் நடத்துபவன் நான். பங்குச் சந்தையில் ஒரு ரூபாய்கூடப் போட்டதில்லை. ஆனாலும் 2023இல் சித்தப்பா மகனின் அறையில் கழித்த ஒரு வியாழக்கிழமையைச் சொல்லியாக வேண்டும்.

நிஃப்டி வாராந்தர எக்ஸ்பைரி நாள், அதாவது நிஃப்டி என்ற பங்குக் குறியீட்டின் மீதான அந்த வார ஒப்பந்தங்கள் முடியும் நாள். தம்பி கட்டிலில் சம்மணமிட்டு, கைபேசியை இரு கைகளாலும் பிடித்திருந்தான். சித்தி கொண்டுவந்து வைத்த தட்டில் சாம்பார் ஏடு கட்டியிருந்தது. குறியீடு ஏறும் என்று நம்பி 42 ரூபாய்க்கு வாங்கிய 'கால் ஆப்ஷன்' என்ற ஒப்பந்தம் 19க்கு இறங்கியதும் விற்றான். சற்று நேரத்தில் அது 50ஐத் தொட்டது.

"பார்த்தீர்களா அண்ணா, நான் விற்கும்வரை காத்திருந்து ஏற்றுகிறான்."

"யார்?"

"அவன்தான், மார்க்கெட்."

சூரிச்சில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணி வர்த்தகர்களை ஆராய்ந்து காரின் நோர் செட்டினாவும் ஊர்ஸ் புரூக்கரும் 2002இல் எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் ஓடும் சந்தையே வர்த்தகருக்கு உறவாடும் ஓர் ஆளாகிவிடுகிறது என்பார்கள். வகுப்பில் எத்தனையோ முறை சொன்னதுதான். ஆனால் சூரிச்சில் வர்த்தகர்கள் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள், பணம் வங்கியுடையது. தம்பி தனியாக இருந்தான். பணம் சித்தி சீட்டு எடுத்துக் கொடுத்தது.

மாலையில் அவன் டைரியை எடுத்தான். ஒவ்வொரு நட்டத்துக்கும் ஒரு காரணம்: 'பொறுமை இல்லை', 'பேராசை', 'ஸ்டாப்லாஸ் (நட்டம் ஓர் அளவைத் தொட்டதும் தானாக விற்கும் ஆணை) போடவில்லை'. என்னை உலுக்கியது இதுதான். ஆப்ஷன் உள்ளிட்ட பங்கு வாயிதா வர்த்தகத்தில் 2021-22இல் தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக அந்த ஜனவரியிலேயே பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சொல்லியிருந்தது. பத்தில் ஒன்பது பேர் விழுகிற இடத்தில், குழியைப் பார்க்காமல் ஒவ்வொருவரும் தன் காலையே நொந்துகொள்கிறார்கள். அவன் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி வகுப்பும் மனக்கட்டுப்பாடு என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தது.

2024 செப்டம்பரில் செபியின் அடுத்த ஆய்வு வந்தது. 2023-24இல் கட்டணங்களைச் சேர்க்காமலே தனிநபர்கள் சுமார் 61,000 கோடி ரூபாய் இழந்திருந்தார்கள். அதே சந்தையில் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் ஈட்டியிருந்தார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் வழியே வந்தது. அந்தப் பக்கத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். இரவு பத்தரைக்கு அழைத்தான்.

"அப்படியென்றால் அவன் இருக்கிறான்தானே அண்ணா?"

"இருக்கிறான். ஆனால் நீ யாரென்று அவனுக்குத் தெரியாது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "டைரியில் நாற்பது பக்கம் என்னையே திட்டி எழுதியிருக்கிறேன்" என்றான்.