பெல்கிரேடில் விராங்கெல் பிரபுவின் கல்லறை

பெல்கிரேடில் புனித மார்க் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், அதன் அருகே ஒதுங்கி நிற்கும் சிறிய ரஷ்யத் தேவாலயத்துக்குள் தற்செயலாகத்தான் நுழைந்தேன். உள்ளே ஒரு கல்லறையில், ரஷ்ய உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையின் தளபதி பியோத்தர் விராங்கெலின் பெயரைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

1878இல் பால்டிக் ஜெர்மானியப் பிரபுக் குடும்பத்தில் பிறந்த இவர் முதலில் படித்தது சுரங்கப் பொறியியல். ரஷ்ய ஜப்பானியப் போருக்குப் பின்னரே படைவாழ்வில் நிலைத்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில் கிழக்குப் பிரஷ்யாவின் கௌஷென் கிராமத்தருகே, ஜெர்மானியப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே தம் குதிரைவீரர்களை அவற்றை நோக்கி நேராகச் செலுத்தி, தாம் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டு வீழ்ந்தும் பீரங்கிகளைக் கைப்பற்றினார். அதற்காகப் புனித ஜார்ஜ் விருது பெற்றார். வீரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்போரில் அத்தகைய பாய்ச்சலுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

உள்நாட்டுப் போரில் 1919இல் சாரிட்சின் (இன்றைய வோல்கோகிராட்) நகரைப் பிடித்தவர், 1920 ஏப்ரலில் தளபதி தெனிக்கினுக்குப் பின் வெண்படையின் தலைமையை ஏற்றபோது, கையில் எஞ்சியிருந்தது ஏறக்குறைய கிரிமியா மட்டுமே. அவர் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம் காலம் கடந்தது என்பதே என் எண்ணம். அவ்வாண்டு நவம்பரில் 126 கப்பல்களில் சுமார் 1,45,000 பேரை ஒழுங்காக வெளியேற்றியதையே அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன். கப்பலில் இடமில்லாததால் குதிரைகளைக் கரையிலேயே விட்டுச் சென்றார்கள். கப்பலேறாமல் தங்கிவிட்ட மனிதர்களில் ஆயிரக்கணக்கானோர் போல்ஷெவிக்குகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1928இல் பிரஸ்ஸல்ஸில், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் திடீர் நோயில் இறந்தார். நஞ்சு வைக்கப்பட்டதாகக் குடும்பத்தார் சந்தேகித்தனர். அடுத்த ஆண்டு உடல் பெல்கிரேடுக்குக் கொண்டுவரப்பட்டது.

*

(வாசகர் ஒருவரின் மறுமொழி) கரையில் விடப்பட்ட குதிரைகளைப் பற்றி நீங்கள் எழுதியதால் நானும் சொல்கிறேன். கப்பலேறியவர்களில் ஒரு பெரும் பகுதியினர் தங்கவைக்கப்பட்ட துருக்கியின் கலிபோலிக்கு நான் சென்றிருக்கிறேன். கொசாக் படையினர் கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவிலும், தளபதி குத்தேப்பவின் கீழிருந்த படைப்பிரிவினர் கலிபோலியிலும் கூடாரமடித்திருந்தனர். பின்னாளில் யுகோஸ்லாவியாவான நாட்டில், விராங்கெலின் குதிரைப்படையினர் பலர் எல்லைக் காவலில் சேர்ந்தனர். கலிபோலி முகாமில் மாண்டவர்களுக்காக 1921இல் எழுப்பிய நினைவுச் சின்னத்துக்கு, முகாமில் இருந்த ஒவ்வொருவரும் ஒரு கல்லைச் சுமந்துவந்து கொடுத்தார்களாம். 1949 நிலநடுக்கத்தில் அது சிதைந்துபோனது. நான் பார்த்தது 2008இல் மீண்டும் கட்டியெழுப்பியதைத்தான்.