நிலாவெளிப் பக்கம் டிராக் றேஸ் ஓடுபாதை: சுத்திவர வீடு வந்தால்?

கியர்பெட்டி:
திருகோணமலை நிலாவெளி றோட்டுக்கு மேற்கால ஒரு தனியார் காணியில 402 மீற்றர் (கால் மைல்) டிராக் றேஸ் ஓடுபாதை, அதாவது ரெண்டு பைக் நேரா ஓடிப் போட்டி போடுற பாதை, போடக் கதைக்கிறம், மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். பக்கத்துக் காணியெல்லாம் 10, 15 பேர்ச்சாத் துண்டு போட்டு விக்கத் தொடங்கிட்டாங்கள். 201 மீற்றராக் குறைச்சால் சரிவருமா?

பழையசெயின்:
காணி குறையும், சத்தம் குறையாது. முதல்ல நிப்பாட்டுற தூரத்தைப் பாருங்க. 201 மீற்றர் முடிவில 160 கி.மீ. வேகம் எண்டு வைப்பம். சாதாரண பிறேக்குக்கு 200 மீற்றர், பிறேக்கில கை வைக்கிறதுக்குள்ள இன்னும் 45. பிறேக் பிழைச்சால் எண்டு அதை இரட்டிப்பாக்கினால் 490 வரும். ரயர் சூடாக்குற இடம், வரிசை நிக்கிற இடத்துக்கு 60. 201 ஓட்டத்தோட மொத்தம் 750 மீற்றர் அளவு. 402 எண்டால் வேகம் 200 தாண்டும், 1,200 மீற்றர் இல்லாமல் யோசிக்காதீங்க.

கடைசியில நிப்பாட்டுற பகுதியைத்தான் எல்லாரும் களவெடுப்பாங்கள். சும்மா கிடக்கிற வெறுங்காணி எண்டு விக்க மனம் வரும், விடாதீங்க.

டெசிபல்:
2 பைக் சேர்ந்து 15 மீற்றரில 100 டெசிபல் போடும் எண்டு எடுங்க. தூரம் இரட்டிச்சால் 6 குறையும், அப்ப 480 மீற்றரில 70. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ஓட்டம், 7 செக்கன் எண்டால் சராசரி 58 அளவில வரும். 1996 ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி பிரதேச சபைப் பகுதியில பகல் எல்லை 55, இரவு 45. 55 க்கு இறங்க 680 மீற்றர் இடைவெளி வேணும். ரெண்டு பக்கமும் சேர்த்தால் 250 ஏக்கர்!

சைலன்சர் கட்டாயம் எண்டு 10 டெசிபல் குறைச்சால் 220 மீற்றர் போதும், 80 ஏக்கர் அளவு. காணி வாங்கிறதை விட இது எவ்வளவோ மலிவு. இன்னொண்டு: றேஸ் வைக்கிறது மழையில்லாத மாதங்கள், அப்பதான் கச்சான் வீசும். சத்தம் கிழக்கால, றோட்டோரத்து வீடுகளுக்குத்தான் போகும். அந்தப் பக்கம் மண்மேடு போடுங்க, பைக் கண்ணுக்குத் தெரியாத உயரம் வந்தால் 5 டெசிபல் அளவில குறையும். ஆனா நிப்பாட்டுற பக்கத்து முடிவில மேடு கட்டாதீங்க, அங்க மணல் படுக்கைதான் வேணும்.

கியர்பெட்டி:
நாங்கள் முந்தி வந்தால் பிறகு வாறவங்கள் வழக்குப் போடேலாதுதானே?

பழையசெயின்:
அப்படி நம்பாதீங்க தம்பி. இங்கிலாந்தில 1975 இல அனுமதி எடுத்த ஒரு மோட்டார் அரங்குக்கு, 2006 இல பக்கத்தில வீடு வாங்கினவங்கள் வழக்குப் போட்டாங்கள். 2014 இல உச்ச நீதிமன்றம், பிறகு வந்தவங்கள் எண்டது மட்டும் காப்பில்லை எண்டு சொல்லிச்சு. எங்கட நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனா எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வரும். லொஸ் ஏஞ்சலஸ் லயன்ஸ் ஓடுபாதை 1955 இல துவங்கி, சத்தப் புகாராலதான் 1972 இல மூடினது. கொலராடோவில பண்டிமியர் ஓடுபாதை 1958 முதல் 2023 வரை ஓடிச்சு. கடைசியா அதுவும் மூடிட்டாங்கள்.

காணி உறுதியில, பக்கத்தில துண்டு விக்கிற ஒப்பந்தத்தில, சத்தம் இருக்கும் எண்டு எழுதி வாங்க ஏலுமெண்டால் வாங்குங்க. பிரதேச சபையில ஓட்ட நாள், நேரம் போட்டு அனுமதி எடுங்க. கொங்கிறீற்றுக்குக் காசு கொட்டுறது அதுக்குப் பிறகு.