'அடையாள நியமனம்' வேண்டாம், 'ஒப்புக்கு நியமனம்' என்போம்

வணக்கம்.

நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் கணக்குக் காட்ட ஒரு பெண்ணைச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் 'token appointment' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'அடையாள நியமனம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை. 'அடையாள' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடையாள வேலைநிறுத்தம். ஒரே நாள் நடந்தாலும் அது உண்மையான எச்சரிக்கை, பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது என்று அர்த்தம். நாம் பேசுவதோ 'இதோடு சரி, இனி கேட்காதீர்கள்' என்கிற நியமனம்.

நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல் தேடலாம். இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி வைத்த கெடு 2015 ஏப்ரல் 1. கெடு நெருங்க நெருங்க, பல நிறுவனங்களில் முதலாளியின் மனைவியோ மகளோ இயக்குநர் ஆனார்கள். சட்டப்படி தவறில்லை. ஆனால் முதலாளியைக் கேள்வி கேட்க வெளியிலிருந்து ஒருவர் வரவில்லை. 2018-இல் செபி விதியைத் திருத்தியது. சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்களில் 2020 ஏப்ரல் முதலும் சுயேச்சை இயக்குநர்களில், அதாவது முதலாளியோடும் நிறுவனத்தோடும் தொடர்பில்லாத இயக்குநர்களில், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். (இவரைத் தயவுசெய்து 'பெண் சார்பற்ற இயக்குநர்' என்று எழுதாதீர்கள், பெண்கள் பக்கம் நிற்காதவர் என்று ஆகிவிடுகிறது. சுயேச்சை வேட்பாளரை எல்லாருக்கும் தெரியும். 'சுயேச்சைப் பெண் இயக்குநர்' போதும்.)

'பெயரளவு இயக்குநர்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதில் பழி அந்தப் பெண்மேல் விழுகிறது. அந்த மகள் ஆடிட்டராகக்கூட இருக்கலாம். குறை அவரிடம் இல்லை, வீட்டு வாசலைத் தாண்டித் தேடாத நிறுவனத்திடம் இருக்கிறது. நம் சொல் ஆளைச் சுட்டக்கூடாது, செயலைச் சுட்ட வேண்டும்.

அதனால் என் பரிந்துரை 'ஒப்புக்கு நியமனம்'. ஒப்புக்குக் கூப்பிட்டார்கள், ஒப்புக்குத் தலையாட்டினார் என்று அன்றாடம் பேசுகிறோம், விளக்கமே வேண்டாம். 'ஒப்புக்குச் சப்பாணி' இன்னும் பழகிய தொடர்தான், ஆனால் உடல்குறையை வைத்து இகழும் சொல்லைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றக்கூடாது. 'க்கு' உறுத்துகிறது என்று 'ஒப்பு நியமனம்' ஆக்கிவிடவும் வேண்டாம். ஒப்புதல் பெற்ற நியமனம் என்று படிப்பார்கள்.

இலங்கை நண்பர்கள் இதற்கு வேறு சொல் புழங்குகிறீர்களா? பட்டியலில் சேர்க்கும் முன் சொல்லுங்கள்.