கார் மோதினால் ஹைட்ரண்டிலிருந்து உண்மையிலேயே தண்ணீர் பீறிடுமா?

இளவேனில் (கேள்வி):
அமெரிக்கப் படங்களில் துரத்தல் காட்சி வந்துவிட்டால், நடைபாதை ஓரத்துத் தீயணைப்பு ஹைட்ரண்டை (தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் எடுக்க நிறுத்தியிருக்கும் இரும்புக் குழாய்) ஒரு காராவது இடித்துத் தள்ளாமல் விடுவதில்லை. இடித்த மறுகணமே மூன்று மாடி உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டு அடிக்கும். சிகாகோ புறநகரில் நான் குடியிருக்கும் தெருவில் அண்மையில் ஒரு பிக்கப் டிரக் அப்படித்தான் மோதியது. ஹைட்ரண்ட் கழன்று புல்தரையில் உருண்டு கிடந்தது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை. நகராட்சி ஆட்கள் வந்து, பள்ளம் எதுவும் தோண்டாமலேயே அதைத் திரும்ப நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். திரையில் காட்டுவது வெறும் கற்பனையா, இல்லை எங்கள் தெருக் குழாயில் தண்ணீரே இல்லையா? இரண்டாவதுதான் உண்மை என்றால், தீப்பிடித்தால் எங்கள் கதி என்ன?

குழாயடி:
கவலை வேண்டாம். உங்கள் தெருவில் இருப்பது உலர் வகை ஹைட்ரண்ட். அது செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது. குளிர்காலத்தில் நிலம் உறைந்துபோகும் ஊர்களில், தரைக்கு மேல் நிற்கும் இரும்பு உடலுக்குள் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது உறைந்து விரிந்து உடலையே பிளந்துவிடும் என்பதால், முதன்மை வால்வை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைத்திருப்பார்கள். மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் அது இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கும். உச்சியில் உள்ள ஐந்து பக்க நட்டைத் தீயணைப்பு வீரர் சாவி போட்டுத் திருகும்போது, உள்ளே இருக்கும் நீண்ட தண்டு கீழிறங்கி வால்வைத் திறக்கிறது; அதன் பிறகுதான் தண்ணீர் மேலே ஏறும். மூடியதும், உள்ளே மிஞ்சிய நீர் அடியில் உள்ள சிறு துளை வழியாக மண்ணுக்குள் வடிந்துவிடும்.

வண்டி மோதும் என்று எதிர்பார்த்தே இதை வடிவமைக்கிறார்கள். தரைமட்டத்துக்குச் சற்று மேலே, உடலின் இரு பாகங்களும் சேரும் இடத்தில், எளிதில் உடையும்படி செய்த ஃபிளேஞ்ச் (இரு பாகங்களையும் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) ஒன்று இருக்கும். ஏறக்குறைய அதே மட்டத்தில் தண்டிலும் எளிதில் முறியும் இணைப்பு இருக்கும். இடி விழுந்தால் இரண்டும் முறிந்து மேற்பாகம் மட்டும் போய் விழும். கீழே உள்ள வால்வைக் குழாயின் நீரழுத்தமே மேல்நோக்கி அழுத்தி மூடி வைத்திருப்பதால் அது அசையாது. புதிய ஃபிளேஞ்ச், தண்டு இணைப்பு, கேஸ்கெட், போல்ட்டுகள் ஆகியவை கையில் இருந்தால் போதும். பள்ளம் தோண்டாமல், தெருவுக்கான தண்ணீரை நிறுத்தாமல், அதே இடத்தில் பூட்டிவிடலாம். உடையும் ஃபிளேஞ்ச் இல்லாத மிகப் பழைய ஹைட்ரண்டுகளில் மட்டும், மோதிய வேகத்தில் தண்டு கீழே தள்ளப்பட்டாலோ அடிக்குழாய் விரிசல் விட்டாலோ, தண்ணீர் வரத்தான் செய்யும்.

கடலோரத்தான்:
மேலே சொன்னது சரிதான். ஆனால் படத்தில் வருவது பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நான் இருக்கும் லாஸ் ஏஞ்சலஸில் நிலம் உறைவதில்லை என்பதால், கலிஃபோர்னியாவின் பெரும்பகுதியைப் போலவே இங்கும் ஈர வகை ஹைட்ரண்டுகள்தான். அவற்றின் உடலுக்குள் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். தண்ணீர் வெளியேறும் ஒவ்வொரு வாய்க்கும் வால்வு தனித்தனியாக மேலேயே இருக்கும். உடைந்தால் நீரைத் தானாகவே அடைக்கும் தடுப்பு வால்வு தனியாகப் பொருத்தப்படாத இடத்தில் உடல் பிய்ந்துபோனால் நீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. படமெடுப்பவர்கள் தங்கள் வாசலில் பார்த்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள். அதையே கொண்டுபோய் நியூயார்க் தெருவில் வைப்பதுதான் தவறு.

அடுத்து நடப்பதைப் படங்கள் காட்டுவதே இல்லை என்பதுதான் என் குறை. குடிநீர் வாரிய ஆட்கள் வந்து, சாலையில் பதித்த சிறு இரும்பு மூடியைத் தேடிப் பிடித்து, நீண்ட சாவியை இறக்கி, கேட் வால்வை மெல்ல மெல்லத் திருகி மூடும்வரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்குள் நடைபாதைக்கு அடியில் உள்ள மண் அரித்துப் போகலாம். அக்கம்பக்கத்து வீட்டுக் குழாய்களில் துருக்கலங்கிய நீர் வரலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மின்சாரம். 2012 ஆகஸ்டில் இதே நகரின் வேலி வில்லேஜ் பகுதியில் ஒரு கார், ஹைட்ரண்டையும் தெருவிளக்குக் கம்பத்தையும் சேர்த்து வீழ்த்தியது. ஓட்டுநருக்கு உதவ ஓடிய இரண்டு பெண்கள், மின்சாரம் பாய்ந்திருந்த தண்ணீரில் கால் வைத்து உயிரிழந்தார்கள். அத்தகைய இடத்தில் தேங்கிய நீருக்குள் இறங்காமல், அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு எட்டி நிற்பதுதான் சரி.

கணக்குப்பிள்ளை:
உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெருக்குழாயில் 4 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு) அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், உராய்வே இல்லாத நிலையில் தண்ணீர் ஏறத்தாழ 40 மீட்டர் எழ வேண்டும். உடைந்த அகன்ற வாய் வழியே நீர் பாயத் தொடங்கியதும் அழுத்தம் சரிந்துவிடுவதால் அவ்வளவு எழாது. எனினும் சில மாடி உயரம் என்பது நடக்கக்கூடியதே. காரைத் தண்ணீர் அந்தரத்தில் தூக்கி நிறுத்துவதைத்தான் நம்ப முடியவில்லை. 15 செ.மீ. விட்டமுள்ள வாயைக் கார் முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றால்கூட, அந்த 4 பார் அழுத்தம் தாங்கும் எடை சுமார் 700 கிலோ. சாதாரண செடான் காரின் எடையோ ஏறக்குறைய அதன் இருமடங்கு. படப்பிடிப்பில் இருப்பது எடை குறைந்த போலி ஹைட்ரண்ட்; அடியில் மறைத்த குழாயை ஒரு தண்ணீர் லாரியின் பம்போடு இணைத்து, வேண்டிய நேரத்தில் திறந்து மூடுவார்கள். நீர் செங்குத்தாகத் தூண் போல நிற்பதும் அந்த ஏற்பாட்டினால்தான்.

இளவேனில்:
அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: நியூயார்க்கில் இருப்பது உலர் வகை என்றால், கோடையில் சிறுவர்கள் ஹைட்ரண்டுக்கு அடியில் குளிக்கும் காட்சிகளும் புனைவுதானா?

குழாயடி:
அது உண்மை. அங்கே யாரோ சாவி போட்டு வால்வைத் திறந்திருக்கிறார்கள்; மோதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முறையாக வேண்டுவோர் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால், தண்ணீரைப் பூவாளி போலத் தெளிக்கும் மூடியை அவர்களே வந்து பூட்டித் தருவார்கள். அந்த மூடியோடு நிமிடத்துக்கு 25 கேலனுக்கு (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) மேல் போகாது. மூடி இல்லாமல் திறந்துவிட்டால் 1,000 கேலனைத் தாண்டும். அப்போது அக்கம்பக்கத்து ஹைட்ரண்டுகளில் அழுத்தம் குறைந்து, தீயணைக்க வருபவர்கள் திண்டாட நேரிடும்.