வேன்ல தண்ணி பாட்டில் இருந்தா பிரேக் பிடிக்காதாம், யாருப்பா இதெல்லாம் கிளப்பிவிடுறது

தாம்பரம்_டிராவல்ஸ்:
நேத்துலேருந்து எல்லா வாட்ஸாப் குரூப்லயும் ஒரே வீடியோ சுத்துது. ஒரு தம்பி மாருதி ஈக்கோ வேன் டிரைவர் சீட்ல ஒக்காந்துகிட்டு, டேஷ்போர்டு மேல எதையும் வைக்காதீங்க, கிளவ் பாக்ஸ தொறந்து போட்டு ஓட்டாதீங்க, பின்னாடி லக்கேஜ கட்டி வைங்க, தண்ணி பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில போச்சுன்னா அவ்ளோதான் வண்டி நிக்காதுன்னு பயமுறுத்துறான். மாருதி ஆம்னி காலத்துலேருந்து வேன் ஓட்டுறவன் நான், இப்போ டெம்போ டிராவலரும் ஓட்டுறேன். பாட்டில் அடியில போனா ஒரு மிதி மிதிச்சா நசுங்கிடும். பிரேக் பிடிக்கும். கத்திரி வெயில்ல பெருங்களத்தூர் டிராஃபிக்ல தண்ணி இல்லாம இவன் ஒரு நாள் ஓட்டிக் காட்டட்டும் பாப்போம். லைக்குக்காக வாய்க்கு வந்தத பேசுறானுங்க.

ஓஎம்ஆர்_கார்த்தி:
அண்ணே வீடியோவ முழுசா பாத்தீங்களா? பாட்டிலே வைக்காதன்னு அவரு சொல்லல. காலடியில போடாத, கதவுல இருக்குற பாக்கெட்ல வைன்னு தான் சொல்றாரு.

தாம்பரம்_டிராவல்ஸ்:
அதெல்லாம் பாத்துட்டுதான் பேசுறேன். நசுங்குமா நசுங்காதா? அத மட்டும் சொல்லு.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
அது பாட்டிலைப் பொறுத்தது சார். காலி பாட்டில், மூடி கழண்டு கிடக்குதுன்னா நசுங்கும். மூடி இறுக்கமா இருந்தா உள்ள இருக்குற காத்து போக வழி கிடையாது, பெடல் பாதி வழியில நிக்கும். முழுசா தண்ணி இருந்தா கேக்கவே வேணாம், தண்ணிய அழுத்தி சுருக்க முடியாது. இப்போ எல்லாரும் வெச்சிருக்குற ஸ்டீல் பிளாஸ்க், செம்பு பாட்டில், அது எந்தக் கணக்குல நசுங்கும்?

தாம்பரம்_டிராவல்ஸ்:
சார் நான் செம்பு பாட்டில் பத்தி பேசவே இல்ல. சாதா 1 லிட்டர் பாட்டில். கடையில வாங்குறது. நசுங்கும்.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
மூடி போட்டதா போடாததா?

தாம்பரம்_டிராவல்ஸ்:
பாட்டில்னா மூடியோடதான் சார் விக்கிறான்.

சும்மா_படிக்கிறவன்:
பாப்கார்ன் வாங்கிட்டு வந்துட்டேன், ஆரம்பிங்க. போன தடவ டயர்ல நைட்ரஜன் ஊத்தினா மைலேஜ் ஏறும்னு சொல்லிட்டு பாதியில காணாம போனவரு இவருதானே?

தாம்பரம்_டிராவல்ஸ்:
நான் எங்கயும் காணாம போகல, சவாரி இருந்துச்சு. உன்ன மாதிரி ஆபீஸ் வைஃபைல ஒக்காந்துகிட்டு ஊர் வம்பு படிக்க நமக்கு நேரம் கிடையாது தம்பி.

மடிப்பாக்கம்_வசு:
நீங்க பாட்டில்லயே நிக்காதீங்க ப்ளீஸ். என் பொண்ணு போற ஸ்கூல் வேன்ல பிள்ளைங்க பை, லஞ்ச் கூடை எல்லாம் டிரைவர் பக்கத்துல குவிச்சு வெச்சிருக்காங்க. திரும்புறப்ப ஒரு கூடை சரிஞ்சு கியர் மேல விழுறத நானே பாத்தேன். கேட்டா இடம் இல்ல மேடம்னு பதில். சீட்டுக்கு அடியில வைக்கலாம்ல?

புதுப்பேட்ட_நாசர்:
மேடம் அது ஆம்னி, ஈக்கோ மாதிரி வண்டின்னா முன் சீட்டுக்கு அடியில இன்ஜின் இருக்கு. சீட்ட தூக்குனா நேரா இன்ஜின் தான். அங்க துணி, பேப்பர், பாலித்தீன் கவர் எதுனா சொருகி வெச்சா சூட்டுக்கு கருகும், ஆயில் கசிவு வேற இருந்துச்சுன்னா நெருப்பே புடிச்சுக்கும். எங்க கடைக்கு வர்ற பழைய ஆம்னில சீட்ட தூக்கிப் பாத்தா பனியன் வேஸ்ட்டு, தீப்பெட்டி, கற்பூரம் எல்லாம் இருக்கும். இன்னா தைரியம்பா. நடு சீட்டு, பின் சீட்டுக்கு அடியில வைங்க, தப்பில்ல.

மடிப்பாக்கம்_வசு:
அது எனக்குத் தெரியாது. நன்றி. ஆனா ஸ்கூல் வண்டில சீட்டுக்கு அடியில பை வைக்க இடம் குடுக்கணும்னு ரூல்ஸ் இருக்குன்னு கேள்விப்பட்டேனே?

ஓஎம்ஆர்_கார்த்தி:
ஸ்கூல் பஸ்ஸுக்கு இருக்குங்க. தமிழ்நாட்டுல 2012லயே ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தனி விதி போட்டாங்க. அந்த வருஷம் ஜூலைல முடிச்சூர்ல பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ஒரு குழந்தை விழுந்து போச்சே, அதுக்கப்புறம் வந்தது. வண்டிக்குள்ள இருக்குற தரை, சீட்டு, ரேக்கு எதையும் சின்ன விஷயம்னு விடக்கூடாதுன்னு அதுலேருந்தாவது புரிஞ்சிருக்கணும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
தம்பி செத்துப்போன குழந்தைய வெச்சு விவாதத்துல ஜெயிக்கப் பாக்காத. நானும் தாம்பரத்துக்காரன் தான், அன்னைக்கு இந்த ஊரே அழுதுச்சு. அது தரை ஓட்டை, இது பாட்டில். ரெண்டையும் முடிச்சு போடாத.

ஓஎம்ஆர்_கார்த்தி:
நான் ஜெயிக்கப் பாக்கல. பாட்டில் பத்தி நான் பேசவும் இல்ல.

தாம்பரம்_டிராவல்ஸ்:
அப்போ நசுங்கும்னு ஒத்துக்குற.

சும்மா_படிக்கிறவன்:
😂😂😂 முடியல.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
பாட்டில் காலடியில போறது ஒரு ஆபத்து. பறக்குறது அதவிட பெரிய ஆபத்து. 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது முட்டி நின்னா, கட்டாம கிடக்குற சாமான் அதே 50ல முன்னாடி வரும். 10 மீட்டர் உயரத்துலேருந்து கீழ விழுற பொருள் தரையத் தொடும்போது என்ன வேகமோ அதுதான் அது, ஏறக்குறைய மூணாவது மாடி. வெளிவட்டச் சாலையில 80ல போறீங்கன்னா கணக்கு 25 மீட்டருக்குப் போயிடும். பின் சீட்டுல சும்மா போட்டு வெச்ச ஜாக்கி உங்க பின்மண்டைக்கு அந்த வேகத்துல வரும். சீட் பெல்ட் உங்கள நிறுத்தும், ஜாக்கிய யார் நிறுத்துறது?

தாம்பரம்_டிராவல்ஸ்:
மூணாவது மாடிலேருந்து யாரு சார் ஜாக்கி போடுறது? மவுண்ட் ரோட்ல சைதாப்பேட்ட தாண்டி 50 தொட்டு காட்டுங்க மொதல்ல. 20ல ஊர்ந்துகிட்டு இருக்கோம், இவரு மாடிக்கணக்கு போட்டுகிட்டு இருக்காரு. ரிட்டயர்டு ஆனா இதான் பிரச்சன, ஒக்காந்து கணக்கு போட்டுகிட்டே இருப்பாங்க.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
ரிட்டயர்மென்ட்ட இழுக்காதீங்க. நான் சாப்பிடுறது உங்க காசுல இல்ல. ராத்திரி 12 மணிக்கு கிளாம்பாக்கத்துலேருந்து உங்க டிராவலர் என்ன வேகத்துல போகுதுன்னு ஜிஎஸ்டி ரோட்ல போறவங்களுக்குத் தெரியும்.

அண்ணாநகர்_ரேகா:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், டேஷ்போர்டு மேல பிள்ளையார் வைக்கலாமா? எங்க புது வண்டில எடது பக்கம் ஒட்டியிருக்கோம், அந்த வீடியோல அங்க ஒட்டக்கூடாதுன்னு சொன்னாங்க.

ஓஎம்ஆர்_கார்த்தி:
எடது பக்கம் டேஷ்போர்டுக்கு உள்ள ஏர்பேக் இருக்கும்ங்க. 2022லேருந்து முன் சீட்டு ரெண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக்னு எழுதியிருக்குற மூடி மேல எது இருந்தாலும், பை வெடிச்சு வெளிய வர்றப்ப அது நேரா அந்த சீட்டுல இருக்குறவங்க மூஞ்சிக்குதான் வரும். கண்ண சிமிட்டுற நேரத்துக்குள்ள நடந்து முடிஞ்சிடும். பக்கத்துல ஒக்காந்து டேஷ்போர்டு மேல கால் நீட்டிகிட்டு வர்றவங்களுக்கும் அதே கதிதான், முட்டி மூஞ்சில இடிக்கும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
இப்போ சாமி மேல கைய வெச்சுட்டாங்க பாருங்க. அடுத்து எலுமிச்சம்பழம் கட்டக்கூடாதும்பாங்க. ரேகா மேடம், பிள்ளையார் இருக்குறதுனாலதான் ஏர்பேக்குக்கு வேலையே இல்லாம வண்டி ஓடுது, தைரியமா வைங்க.

புதுப்பேட்ட_நாசர்:
யாருமே சாமிய எடுக்கச் சொல்லலியே அண்ணே. நடுவுல, மியூசிக் சிஸ்டத்துக்கு மேல சின்னதா ஒட்டுங்க மேடம், கனமான கல் சிலை வேணாம். நல்ல டேப்பு போடுங்க, வெயில்ல நிறுத்துன வண்டில சாதா டேப்பு பசை உருகி வழுக்கிக்கும். போன் ஸ்டாண்டு ரப்பர் கண்ணாடிய விட்டு டொப்புனு விழுறதும் அதனாலதான். லைட்டரு, சென்ட்டு ஸ்பிரே, பவர் பேங்கு இதெல்லாம் டேஷ்போர்டுல விட்டுட்டு போவாதீங்க. ஸ்பிரே டப்பாலயே 50 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருப்பான், மே மாசம் மெரினால கண்ணாடிய ஏத்திட்டு நிறுத்துன வண்டிக்குள்ள அதத் தாண்டிடும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
நாசர் பாய், நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்களா? பாட்டில் நசுங்கும்ல? கடை வெச்சிருக்கீங்க, மனசாட்சியோட சொல்லுங்க.

புதுப்பேட்ட_நாசர்:
அண்ணே கேக்குறீங்களேன்னு சொல்றேன். நசுங்கும். ஆனா நசுங்குறதுக்கு உங்களுக்கு ரெண்டாவது மிதி தேவப்படும், முன்னாடி போற ஷேர் ஆட்டோ அதுக்குள்ள நின்னிருக்கும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
நசுங்கும்னு சொல்லிட்டாரு. எல்லாரும் நோட் பண்ணிக்கோங்க. நசுங்கும்.

பெரம்பூர்_எலக்ட்ரிகல்ஸ்:
பாட்டில விடுங்கப்பா. வண்டிக்குள்ள பாதி பிரச்சன அந்த 12 வோல்ட் சாக்கெட்டுனாலதான். பெரும்பாலும் 120 வாட்ஸ்தான் தாங்கும்னு பக்கத்துலயே எழுதியிருப்பான். அதுல மூணு வழி பிளக்க சொருகி, சார்ஜர், காத்தடிக்கிற மெஷின், குழந்தைக்குப் பால் சூடு பண்ற கெட்டில்னு எல்லாத்தையும் ஒண்ணா போடுவாங்க. ஃபியூஸ் போயிடும். போனா என்ன பண்றாங்க, பெரிய ஃபியூஸா பாத்து மாட்டிடுறாங்க. ஃபியூஸ் எரியலன்னா வயர் எரியும், அவ்ளோதான் வித்தியாசம். அப்புறம் டிராவலர்காரங்க கூரைல டிஸ்கோ லைட்டு போடுறாங்களே, அந்த வயர எங்கேருந்து இழுத்திருக்காங்கன்னு பாத்தா தலை சுத்தும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
டிஸ்கோ லைட்டு என் வண்டில இருக்கு. கல்யாண பார்ட்டி கேக்குறாங்க, போட்டிருக்கேன். இப்போ என்ன?

பெரம்பூர்_எலக்ட்ரிகல்ஸ்:
உங்கள சொல்லலியே. பொதுவா சொன்னேன்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
பொதுவா சொல்றேன் பொதுவா சொல்றேன்னு எல்லாரும் என் வண்டியத்தான் சொல்றீங்க. ஸ்கிரீன் துணி போட்டா தப்பு, லைட்டு போட்டா தப்பு, தண்ணி குடிச்சா தப்பு.

சும்மா_படிக்கிறவன்:
ஸ்கிரீன் பத்தி யாரு பேசுனா??

தாம்பரம்_டிராவல்ஸ்:
பேசுவீங்க. 2012ல சுப்ரீம் கோர்ட் வண்டி கண்ணாடில கருப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சொன்னப்ப கஷ்டப்பட்டு கிழிச்சவன் நான். அப்புறம் பாத்தா பெரிய பெரிய காருல ஒட்டிகிட்டுதான் போறான், அவன எவனும் கேக்கல, நம்மள மட்டும் நிறுத்தி 500 குடு 1000 குடுன்னு. சட்டம் எல்லாம் மஞ்ச போர்டுக்கு மட்டும்தான்.

ஓஎம்ஆர்_கார்த்தி:
இதுல நான் உங்க பக்கம்தான். ஆனா ஃபிலிமுக்கும் லக்கேஜ் கட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்? உங்க டிராவலர் மேல் ரேக்குல என்ன வைப்பீங்க?

தாம்பரம்_டிராவல்ஸ்:
பார்ட்டி என்ன கொண்டு வருதோ அத.

ஓஎம்ஆர்_கார்த்தி:
டிராலி பேக்கு?

தாம்பரம்_டிராவல்ஸ்:
டிராலி பேக்கும்தான். எல்லாரும் டிக்கியிலயே வெச்சா டிக்கி மூடுமா? திருப்பதி சவாரில ஏழு பேரு லட்டு டப்பாவோட வருவாங்க, நீ வந்து அடுக்கு.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
மேல போர்வை, தலகாணி, ஜெர்கின் மாதிரி லேசானது. கனமானது எல்லாம் கீழ, சீட்டு முதுகோட ஒட்டி, குறுக்க பெல்ட் போட்டு இழுத்துக் கட்டணும். கட்டக் கொக்கி இல்லாத வண்டின்னா அந்த சீட்டோட பெல்ட்டையே மாட்டி விடலாம். தீயணைப்பு சிலிண்டரையும் கிளாம்புல மாட்டணும், பல வண்டியில அது சும்மா உருண்டுகிட்டுதான் இருக்கு. 2 கிலோ சிலிண்டர், 50 வேகத்துல அரை மீட்டர் தூரத்துக்குள்ள வண்டி நசுங்கி நின்னா 40 கிலோ கனத்தோட வந்து இடிக்கும்.

தாம்பரம்_டிராவல்ஸ்:
திரும்ப கணக்கா? சார் உங்க வண்டி என்னன்னு சொல்லவே இல்லியே.

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
அது எதுக்கு உங்களுக்கு?

சும்மா_படிக்கிறவன்:
ஸ்கூட்டரா சார்?

ஐசிஎஃப்_ரிட்டயர்டு:
மாப்பிள்ளைகிட்ட ஈக்கோ இருக்கு. நான்தான் வாங்கிக் குடுத்தேன். போதுமா.

தாம்பரம்_டிராவல்ஸ்:
மாப்பிள்ளை வண்டி 😂 அதான பாத்தேன். ஸ்டியரிங்க புடிக்காதவங்கதான் எப்பவும் பிரேக்கு பத்தி வகுப்பு எடுப்பாங்க.

மடிப்பாக்கம்_வசு:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. டிரைவர் பக்கத்துல பை குவிக்காதீங்கன்னு ஸ்கூல்ல சொல்றதா, வேன்காரர்கிட்டயே சொல்றதா? அவர்கிட்ட சொன்னா நாளையிலேருந்து வண்டி வராதும்மாங்குறார்.

புதுப்பேட்ட_நாசர்:
மத்த அம்மாங்களோட சேந்து போய் சொல்லுங்க மேடம், தனியா போனாதான் மெரட்டுவாரு. டிரைவர் காலடிக்கு ஒத்த மேட்டு மட்டும் போடச் சொல்லுங்க. ஒரு மேட்டு மேல இன்னொரு மேட்டு போட்டா பெடல்ல போய் மாட்டிக்கும். 2009ல அமெரிக்காவுல டொயோட்டாவே மேட்டு பெடல்ல மாட்டுதுன்னு லட்சக்கணக்கான வண்டிய சரி பண்ணித் தர்றதுக்கு ரீகால் பண்ணுச்சு. மேட்டு வேணும்னா கடைக்கு வாங்க, கொக்கி வெச்சது இருக்கு, நகராது.

தாம்பரம்_டிராவல்ஸ்:
ஆங், இப்போ வியாபாரம் வந்துடுச்சு. பாட்டில் நசுங்கும்னு சொன்ன அதே வாயால மேட்டு விக்கிறாரு. ஜிபி ரோட்ல பாதி விலைக்குக் கிடைக்கிற மேட்ட இவரு என்ன ரேட்டு சொல்லுவாருன்னு கேளுங்க வசு மேடம்.

புதுப்பேட்ட_நாசர்:
அண்ணே வார்த்தைய அளந்து பேசுங்க. ஜிபி ரோட்ல பாதி விலைக்கு விக்கிறது கொக்கி இல்லாத மேட்டு. உங்க டிராவலர் சீட்டு ரெயிலு லாக்கு விழாம ஆடுதுன்னு போன தீபாவளிக்கு எங்கிட்டதான் எடுத்துட்டு வந்தீங்க, அந்தக் காசே பாக்கி இருக்கு.

தாம்பரம்_டிராவல்ஸ்:
அந்தக் காசு பத்தி பொதுவெளில பேசுறது நாகரிகமா? லாக்கு ரெண்டே வாரத்துல திரும்ப ஆட ஆரம்பிச்சுது, அத மொதல்ல சொல்லு.